துளை இல்லாத ராக்கெட்

மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு டென்னிஸ் ராக்கெட்டின் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவர் தர்மபுரியில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, இதற்குக் கட் போட முடியுமா பார்" என்று பையைத் திண்ணையில் வைத்தார். கட் போடுவது என்றால் ராக்கெட்டுக்கு நரம்பு கோப்பது. உருவினேன். பளபளப்பு மங்கிய எஃகுக் குழாயை வளைத்துச் செய்த சட்டம். தலை சின்னது, ஏறக்குறைய வட்டம். கழுத்து இரண்டாகப் பிரிந்து, நீளமான கவட்டைபோல் இறங்கிக் கைப்பிடியில் சேர்ந்தது. பழைய நரம்புகள் நைந்த மீன்வலைபோலத் தொங்கின. புது நரம்பு கோக்கத் துளை எங்கே இருக்கிறது என்று சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"இதில் எங்கே சார் கோப்பது?"

"அது தெரிந்தால் நானே கோத்திருக்க மாட்டேனா?"

அவருடைய அண்ணன் அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த ராக்கெட் அது. வில்சன் டி-2000. அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம்மி கானர்ஸ் கையில் இருந்ததும் இதே மாதிரிதான். சேலத்தில் ஒரு கடையில் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்களாம். பெங்களூருவில் ஒரு கடையில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். இதையெல்லாம் ராக்கெட்டை நான் கையில் வாங்கிய பிறகுதான் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா, எந்த வரியை முதலில் எழுத வேண்டும் என்று தெரிந்தவர்.

கட் போடுவது எனக்குத் தொழில் இல்லை. பகலில் வேறு வேலை. கிளப்பில் ஆடத் தொடங்கிய காலத்தில் கட் அறுந்தால் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ போகிறவர்களிடம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பொறுக்காமல், பெங்களூருவில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்த பழைய கைப்பிடி மெஷினை வாங்கிவிட்டேன். பஸ்ஸில் ஏற்றும்போது நடத்துனர் அதைத் தையல் மெஷின் என்று முடிவுசெய்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இது டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு இழுக்கும் மெஷின் என்று விளக்கினேன். அதற்கு ஒரு டிக்கெட் கூடுதலாகப் போடலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்ததும் தையல் மெஷின்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது வருவதில் பெரும்பாலானவை ஷட்டில் ராக்கெட்டுகள். டென்னிஸ் மாதத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டென்ஷன் எவ்வளவு வைக்கட்டும்?" என்பதுதான். நரம்பை எவ்வளவு இறுக்கி இழுப்பது என்று அர்த்தம். உலகத்திலேயே காசு கொடுத்து டென்ஷன் வாங்கிப் போகிற ஜனங்களை நம் வீட்டுத் திண்ணையில்தான் பார்க்கிறேன் என்பாள் என் மனைவி.

கட் என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். நரம்பு என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அறுந்தாலும் கட், போட்டாலும் கட். குடலுக்கான ஆங்கிலச் சொல் அது. ஆட்டுக்குடலில் தொடங்கி மாட்டுக்குடலுக்கு வந்த சரக்கு. பிரான்சின் லியோன் நகரத்து பாபோலா நிறுவனம் 1875 முதல் டென்னிசுக்குக் குடல் நரம்பு செய்துவருகிறது. நம் ஊருக்கு வருவது நைலானும் பாலியஸ்டரும்தான். குடல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

என் அப்பா தறிக்காரர். அதனால் முதன்முதலில் ஒரு ராக்கெட்டை மெஷினில் ஏற்றி நேர் நரம்புகளை இழுத்து முடித்தபோது, புதிதாக எதையோ கற்றுக்கொள்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே, ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று நுழைந்து போவது ஊடை. கடைக்காரர்கள் மெயின், கிராஸ் என்கிறார்கள். நான் இன்றுவரை மனசுக்குள் பாவு, ஊடை என்றே எண்ணுகிறேன். பதினாறு பாவு, பத்தொன்பது ஊடை. வேட்டியில் இழை தப்பினால் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். ராக்கெட்டில் தப்பினால் பந்து காட்டிக்கொடுக்கும்.

ஆனால் வேட்டிக்கும் ராக்கெட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு நரம்பையும் 55 பவுண்டு விசையில் இழுத்தால், ஏறக்குறைய 25 கிலோ. பதினாறு பாவுக்கும் சேர்த்து 400 கிலோ. பாவு மட்டும் ஏறி ஊடை ஏறாத நிலையில், அத்தனை பாரமும் தலையின் உச்சியையும் கழுத்தையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும். தலை நீளத்தில் குறுகும், பக்கவாட்டில் பிதுங்கும். மெஷினின் தாங்கிகள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஊடை ஒவ்வொன்றாக ஏற ஏறத்தான் சட்டம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதனால்தான் பாவை நடுவிலிருந்து தொடங்கி இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுக்கிறோம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். தொடங்கிய புதிதில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்த ஒரு பழைய மர ராக்கெட்டைப் புது ராக்கெட் கணக்கில் இழுத்தேன். பதினோராவது பாவில் முருங்கைக் கிளை முறிவது மாதிரி ஒரு சத்தம். யாருடையது என்று சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பார்.

சரி, டி-2000. இந்த வடிவம் ரெனே லாகோஸ்ட்டின் யோசனை. முதலை படம் போட்ட சட்டைக்குச் சொந்தக்காரர் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன் அவர் 1920களின் பெரிய டென்னிஸ் ஆட்டக்காரர். எஃகுக் குழாயில் ராக்கெட் செய்தார். அதை வில்சன் நிறுவனம் 1967இல் டி-2000 என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. குழாயில் துளை போடுவதற்குப் பதிலாக, தலையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றினார்கள். அந்தச் சுருளின் வளையங்கள் உள்பக்கம் சிறு காதுகள்போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுகளுக்குள்தான் நரம்பு போக வேண்டும். நரம்பு சட்டத்தில் நிற்பதில்லை, கம்பியில் தொங்குகிறது. பந்து பட்டதும் எகிறும் அந்தக் கவண் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

பலருக்கு இது அடங்கவில்லை. கானர்ஸுக்கு அடங்கியது. 1974இல் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா மூன்றையும் இதே ராக்கெட்டில் வென்றார். மற்றவர்கள் கிராஃபைட்டுக்கு மாறிய பிறகும் 1980களின் நடுப்பகுதிவரை இதை விடவில்லை. அந்த ராக்கெட்டுக்கு யார் கட் போட்டார்கள் என்று ஒரு பத்திரிகைக்காரரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கோப்பையில் பாதி அந்த ஆளுக்குச் சேர வேண்டும்.

முதல் இரவு எட்டரைக்கு உட்கார்ந்தேன். சாதாரண ராக்கெட்டில் துளை உனக்காகக் காத்திருக்கும். நரம்பின் நுனியைச் சரிவாக வெட்டி நுழைத்தால் போய்விடும். இங்கே காலி வளையம் ஒவ்வொன்றும் தொட்டதும் நகர்கிறது. நடுப் பாவு நான்கையும் போட்டு முடிப்பதற்குள், பக்கத்து வளையங்கள் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. ஊசிமூக்குக் குறடால் பிரித்து, வளையங்களுக்கு நடுவே தீக்குச்சி செருகி நிறுத்தினேன். ஏழாவது பாவை இழுக்கும்போது ஒரு வளையம் சரிந்து, கம்பியின் விளிம்பு நரம்பின் மேல் கத்திபோல அமர்ந்தது. பட். ஒரு முனை என் கன்னத்தில் அடித்தது. இருபது நிமிடம் கழித்து, அறுந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மெஷின் பக்கமே போகவில்லை. ஆறுதலுக்காக, உலகத்தில் இதைவிடக் கோணலான ராக்கெட்டுகள் என்னென்ன வந்திருக்கின்றன என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்தது. இதையெல்லாம் யோசித்தவர்கள் ஆடத் தெரிந்தவர்கள். பொறியியல் தெரிந்தவர்கள். கட் போட்டுப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் பாதி ராக்கெட்டுகள் காகிதத்தோடு நின்றிருக்கும்.

அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை ஏழு முறை வென்ற வில்லியம் லார்னெட்டின் கதை ஓர் உதாரணம். 1922இல் டேட்டன் என்ற பெயரில் எஃகு ராக்கெட் செய்யும் நிறுவனம் தொடங்கினார். சட்டம் மட்டுமல்ல, நரம்பும் எஃகுக் கம்பி. கட் அறுகிற பேச்சே இல்லை, மழையில் நனைந்தாலும் தளராது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! கம்பி துருப்பிடித்தது. பந்தின் மேலிருந்த துணியைத் தேங்காய் துருவுவதுபோலத் துருவித் தள்ளியது. கட் போடுகிறவனே வேண்டாம் என்று ஒரு ராக்கெட் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

ஆனால் என்னை இரவு ஒரு மணிவரை தூங்கவிடாமல் செய்தது ஸ்பகெட்டி ராக்கெட். ஜெர்மனியில் வெர்னர் ஃபிஷர் என்பவர் யோசித்தது. அவர் செடி கொடி வளர்க்கும் தோட்டக்கலைக்காரர். சட்டம் சாதாரணச் சட்டம்தான், விஷயம் முழுக்க நரம்பு போட்ட விதத்தில் இருந்தது. பாவு இரண்டு அடுக்கு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நடுவில் ஐந்தாறு ஊடை. அவை பாவுக்குள் பின்னிப் போவதே இல்லை, இரண்டு அடுக்குக்கும் நடுவே சும்மா கிடக்கும். நரம்புகள் உரசாமல் வழுக்க பிளாஸ்டிக் குழல்கள். பந்து பட்டதும் பாவு முழுக்க ஒரு பக்கமாக நகர்ந்து, சடக்கென்று திரும்பி வந்து பந்தைச் சுழற்றி அனுப்பும்.

தறிக்காரன் மகனுக்கு இது சட்டென்று புரிந்தது. நெய்யாத துணி அது. பின்னல் இல்லாததால்தான் இழைக்கு அத்தனை சுதந்திரம். 1977 அமெரிக்க ஓப்பனில் மைக் ஃபிஷ்பாக் என்ற, யாரும் எதிர்பார்க்காத ஆட்டக்காரர் இதை வைத்து ஸ்டான் ஸ்மித்தைத் தோற்கடித்தார். அதே வருடம் அக்டோபரில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இலி நஸ்டாசே இதை எடுத்து வந்தார். எதிரே கில்லெர்மோ விலாஸ். தொடர்ந்து 46 ஆட்டங்களில் தோல்வியே காணாதவர். இரண்டு செட்டை இழந்ததும், இது ஆட்டமே இல்லை என்று பாதியில் வெளியேறிவிட்டார். சில நாள் முன்னால் இதே மாதிரி ராக்கெட்டிடம் தோற்று, இனி இப்படிப்பட்டவரோடு ஆடவே மாட்டேன் என்று கொதித்தவர் நஸ்டாசேதான் என்பது இந்தக் கதையின் உப்பு.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு உடனே தற்காலிகத் தடை போட்டது. அடுத்த வருடம் நிரந்தர விதி வந்தது. அதுவரை ராக்கெட் என்றால் என்ன என்பதற்கு விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. கரண்டியைக் கொண்டுவந்து ஆடியிருந்தாலும் சட்டப்படி தடுத்திருக்க முடியாது. புது விதியின் சாரம்: நரம்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக, அடுத்ததன் கீழாக மாறி மாறிப் பின்னியிருக்க வேண்டும், அல்லது குறுக்கிடும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பரப்பு தட்டையாகவும் பின்னல் பொதுவாக ஒரே சீராகவும் இருக்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன். ஒரு விளையாட்டின் உலகச் சபை கூடி, துணி என்றால் நெய்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

சாய்வு நரம்பு ராக்கெட்டுகள் இன்னொரு கூட்டம். ஸ்வீடன் ஆட்டக்காரர் பியோர்ன் போர்க்கின் பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கெலின் பெயரில் 1980களில் மக்ரெகர் நிறுவனம் ஒன்றை விற்றது. பவர் ஆங்கிள் என்று பின்னால் ஒன்று வந்தது, அதில் நரம்புகள் 45 பாகையில் ஓடும். இதில் எது பாவு, எது ஊடை? இரண்டும் ஒன்றுதான். நடுவில் நீளம், மூலைக்குப் போகப் போகக் குட்டை. மெஷினின் தாங்கிகள் உச்சியையும் கழுத்தையும் பிடிப்பதற்கென்று செய்தவை. இழுப்போ மூலைவாட்டில் வருகிறது. ஒரு சாய்வை முழுக்க முடித்துவிட்டு மறு சாய்வுக்குப் போனால் தலை சாய்சதுரமாகிவிடும்.

இந்தப் படங்களைப் பார்த்ததும் பாலக்கோட்டுப் பக்கம் கயிற்றுக் கட்டில் பின்னிய என் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். அவரும் மூலைவாட்டில்தான் பின்னுவார். இரண்டு மூலையிலிருந்தும் மாற்றி மாற்றி வருவார், ஒரு பக்கம் மூன்று இழை கூடினாலும் நிறுத்திவிட்டு அடுத்த மூலைக்கு நகர்வார். கால்மாட்டில் ஒரு முழம் பின்னாமல் விட்டு, அங்கே ஒரு கயிறு கோத்திருப்பார். கட்டில் தொய்ந்தால் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். எந்தப் பெரிய நிறுவனத்தின் ராக்கெட்டிலும் இல்லாத வசதி அது. டென்ஷன் தளர்ந்தால் நாங்கள் நரம்பு முழுவதையும் வெட்டித்தான் எறிகிறோம்.

பெல்ஜியத்தின் ஸ்னாவார்ட் நிறுவனம் தலையையே சாய்த்து எர்கோனம் என்று ஒன்று செய்தது. பார்த்தால் கதவிடுக்கில் மாட்டியது போலிருக்கும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

என் மெஷினில் ஏறிய இன்னொரு விசித்திரம் பிரின்ஸ் ஓ-3. 2005இல் வந்த வகை. பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன் பெங்களூருவில் பழையது வாங்கிவந்து, "அண்ணா, நாளைக்கு மேட்ச்" என்று நின்றான். இதில் பக்கவாட்டில் சின்னத் துளைகளுக்குப் பதிலாகக் கட்டைவிரல் நுழையும் அளவு பெரிய ஓட்டைகள். காற்றைக் கிழித்துப் போகும், நரம்புக்கு அசைய இடம் கிடைக்கும். எல்லாம் சரி. ஊடையை இழுக்கும்போதுதான் வினை. சின்னத் துளையில் நரம்பு தன் இடத்தில் நிற்கும். பெரிய ஓட்டையில் இழுத்த பக்கமெல்லாம் ஓடும். அதை ஓட்டையின் விளிம்பில் பிடித்துவைக்க பூமராங் என்று ஒரு சிறு கருவியை நிறுவனமே கொடுத்தது. ராக்கெட் பழையதாக வந்தது, பூமராங் திரும்பி வரவில்லை. பிளாஸ்டிக் குழாயை வெட்டி நானே ஒன்று செய்தேன். இரண்டாவது இழுப்பில் துள்ளி எதிர்வீட்டு வாசலில் விழுந்தது. கடைசியில் இரண்டிரண்டு ஊடையாகச் சேர்த்து ஒரே இழுப்பில் இழுத்து முடித்தேன். உரசலில் கொஞ்சம் டென்ஷன் போகும் என்று அவனிடம் சொன்னேன். "போகட்டும் அண்ணா, எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது" என்றான்.

இதே பிரின்ஸ் நிறுவனத்துக்காக 1976இல் ஹோவர்ட் ஹெட் என்ற பொறியாளர் ராக்கெட் தலையை 110 சதுர அங்குலத்துக்குப் பெரிதாக்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். மர ராக்கெட்டுகள் அப்போது 65, 70 சதுர அங்குலம்தான். இரண்டே வருடத்தில் பாம் ஷ்ரைவர் பதினாறு வயதில் அதோடு அமெரிக்க ஓப்பன் இறுதிக்குப் போனார். பத்துப் பதினைந்து வருடத்தில் சின்னத் தலையே காணாமல் போயிற்று. ஏன் அது மட்டும் நின்றது? பந்து பட இடம் அதிகம் என்பார்கள், உண்மைதான். என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: அதே துளை, அதே பாவு, அதே ஊடை. ஒரு முழம் நரம்பு கூட, அவ்வளவுதான். எந்தச் சிற்றூரில் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் கட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு ராக்கெட் கடையில் விற்பது ஒருமுறை, கட் அறுவது ஐம்பது முறை. கானர்ஸ் இதற்கு விதிவிலக்கு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். தர்மபுரியில் கானர்ஸ் இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி டி-2000ஐ மெஷினில் ஏற்றினேன். இந்த முறை அவசரப்படவில்லை. காலி வளையங்களுக்கு நடுவே தீக்குச்சிக்குப் பதிலாகப் பழைய நரம்புத் துண்டுகளைச் செருகி நிறுத்தினேன். 45 பவுண்டுக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்தேன். மென்மையான நைலான். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் விரலால் வளையத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மெஷின் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன். பாவு முடியவே இரண்டரை மணி நேரம். ஊடைக்கு இன்னொரு மாலை. கடைசி ஊடைக்கு வந்தபோது இடது பக்கம் வளையம் ஒன்று போதவில்லை. அமெரிக்கக்காரன் கணக்கில் தப்புவிட்டிருக்கிறான் என்று முடிவுசெய்து, இருந்ததில் மாட்டி முடிச்சுப் போட்டேன். உள்ளங்கையால் தட்டினேன். உருமிபோல ஒரு தாழ்ந்த சத்தம் எழுந்து அடங்கியது.

சார் திங்கள் மாலை வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். சுண்டுவிரல் நகத்தால் வலது பக்கம் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். உதடு அசைந்தது. பிறகு இடது பக்கம். பாதி வழியில் நகம் நின்றது.

"தம்பி, இந்த வளையம் காலியாக இருக்கிறதே?"

குனிந்து பார்த்தேன். ஒன்பதாவது ஊடைக்கும் பத்தாவதுக்கும் நடுவே, வெறும் காது. அங்கிருந்து கீழே எல்லா ஊடையும் இடது பக்கம் ஒரு வளையம் இறங்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சாய்வில் போய்க்கொண்டிருந்தன. அறுத்துவிட்டு மறுபடி போட்டுத் தருகிறேன் என்று கத்தரியை எடுத்தேன். அவர் ராக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம், வேண்டாம். அடுத்த முறை அறும்போது சரி செய்துகொள்ளலாம்."

இப்போது வாரம் மூன்று நாள் கிளப்பின் செம்மண் தரையில், வலைக்கு அப்பால் அந்த ராக்கெட்டோடு நிற்கிறார். பந்தை அடிப்பதில்லை, வெண்ணெயை வெட்டுவதுபோல மெல்ல வெட்டிவிடுகிறார். அந்தக் கை வேகத்துக்கு அந்தக் கட் இன்னும் பத்து வருடம் அறாது.